இங்கிலாந்தின் குன்றுவழிகளில் துவிசக்கர யாத்திரை

இங்கிலாந்து என்றவுடன் நம்மவருள் பலருக்கு நினைவில் எழுவன லண்டன் மாநகரமும், தேம்ஸ் நதியும், பாராளுமன்ற மாளிகையுமே. அத்தேசத்து நாட்டுப்புறத்தையோ நாம் பெரும்பாலும் பாடப்புத்தகத்துச் செய்யுட்களின் வாயிலாகவே அறிந்திருக்கின்றோம். அங்கே குன்றுகளின் முகட்டின்மீதும், ஆடுகள் மேயும் புல்வெளிகளின் ஊடும், தார் படாத மண்வழிகள் பல்லாயிரம் மைல் தூரம் இன்றும் கிடக்கின்றன. அவற்றுட் சில ரோமர் இட்டவை. சில உப்புப் பொதி சுமந்த குதிரைகளின் குளம்பு பட்டு உண்டானவை. சில எக்காலத்துத் தோன்றின என்று துணிந்து கூறவியலாதவை. இவ்வழிகளிலே மலைச்சைக்கிள் ஏறிச் செல்லும் வழக்கம் சென்ற நாற்பது ஆண்டுகளாக அந்நாட்டில் மிகுந்துள்ளது. அவ்வழிகள் எத்தன்மையன, எவ்வுரிமையால் சைக்கிள் அவற்றிற் செல்கிறது, செல்வோர் காண்பன யாவை என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் வண்டியைப்பற்றிச் சில சொற்கள். இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவினவாய், பின்சக்கரத்தைச் சங்கிலி சுழற்றும் துவிசக்கர வண்டியை இன்றைய வடிவிற்கு அண்மையாக அமைத்தவர் காவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர். அவரது ‘ரோவர்’ வண்டி 1885-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூன்றாண்டு கழித்துப் பெல்பாஸ்டு நகரில் மிருகவைத்தியராயிருந்த டன்லப், காற்றடைத்த டயரை வழக்கத்திற் கொணர்ந்தார். மலைச்சைக்கிளோ மிகப் பிந்தியது. 1970-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலே கலிபோர்னியாவைச் சார்ந்த மாரின் மாவட்டத்து இளைஞர் சிலர், பழைய கனத்த வண்டிகளைத் திருத்தி மலைச்சரிவுகளில் இறங்கி விளையாடினர். அவ்விளையாட்டிலிருந்து தடித்த டயரும், உறுதியான சட்டமும், பல பற்சக்கரங்களும், வலிய பிரேக்கும் உடைய இவ்வண்டி பிறந்தது. ஆயினும் கரடுமுரடான வழியிற் சைக்கிளோடு அலையும் பித்து ஆங்கிலேயருக்கு அமெரிக்காவினின்றும் வந்தது என்று கொள்ளற்க. 1955-ஆம் ஆண்டிலேயே லெம்ஸ்டர் என்னும் சிற்றூரில் ‘ரஃப் ஸ்டஃப் பெலோஷிப்’ என்றொரு சங்கம் கூட்டப்பட்டது. சாதாரண வண்டிகளையே கொண்டு மலைவழிகளிற் செல்வதும், ஏறிச் செல்ல இயலாவிடத்து வண்டியைத் தோள்மேற் சுமந்து செல்வதும் அச்சங்கத்தாரின் வழக்கம். வண்டி மனிதனைச் சுமப்பதும் மனிதன் வண்டியைச் சுமப்பதும் ஒருநாட் பிரயாணத்தில் மாறிமாறி நிகழ்ந்தன என்க.

இனி உரிமையைப்பற்றிக் கூறுவோம். இதனை அறியாதார்க்கு அந்நாட்டு வழிகள் விளங்கா. இங்கிலாந்தில் காடும் மேடும் புல்வெளியும் யாரேனும் ஒருவருக்கு உடைமையாகவே உள்ளன. ஆனால் அவ்வுடைமையின் ஊடே பொதுமக்கள் கடந்து செல்லும் வழிகள் பல உள. நிலம் பிரபுவினுடையது, வழி ஊராருடையது. ஒருகாற் பொதுவழியானது எக்காலும் பொதுவழியே என்பது அந்நாட்டு நீதிமன்றங்களில் நெடுங்காலமாக வழங்கும் நெறி. இவ்வழிகளை மூன்று வகையாகப் பிரித்து அறியலாம். மனிதர் கால்நடையாகச் செல்லுதற்கு மட்டும் உரியது நடைவழி. குதிரையேறியும் செல்லுதற்குரியது குதிரைவழி. வண்டியும் செல்லுதற்குரியது வண்டிவழி. 1949-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள மாவட்ட ஆட்சிக்கழகங்கள் தத்தம் எல்லையிலுள்ள இவ்வழிகளையெல்லாம் படத்திற் குறித்துவைக்கவேண்டும் என விதித்தது.

அக்காலத்துக் குதிரைவழியிற் சைக்கிளுக்கு இடமில்லை. 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டத்து முப்பதாம் பிரிவே அவ்விடத்தை அளித்தது. குதிரைவழியிற் சைக்கிள் செல்லலாம். ஆனால் நடப்போருக்கும் குதிரை ஊர்வோருக்கும் அது வழிவிட்டு ஒதுங்கவேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். அதனை இயற்றினோர் மலைச்சைக்கிளைக் கனவிலும் கண்டவரல்லர்; அவ்வண்டி அப்போது பிறக்கவேயில்லை. இன்று அந்நாட்டின் பழம்பாதைகளிற் செல்லும் ஆயிரக்கணக்கான மலைச்சைக்கிள்கள் பெரும்பான்மையும் அவ்வொரு பிரிவின் நிழலிலேயே ஓடுகின்றன.

இதனால் விளையும் விந்தையொன்றுண்டு. ஒரே குன்றில் இரு வழிகள் அருகருகே ஏறும். அகலமும் ஒன்று, சேறும் ஒன்று. ஒன்றிற் சைக்கிள் செல்லலாம். மற்றொன்றிற் செல்லின் அது நிலக்காரரின் உடைமையிற் புகுந்த பிழையாகும். வேற்றுமைக்குக் காரணம் யாது? இருநூறு ஆண்டுகளுக்குமுன் ஒன்றின்வழி மாவரைப்போன் குதிரைமேல் மூட்டை ஏற்றிச் சென்றிருப்பான். மற்றொன்றின்வழிக் கூலியாட்கள் தேவாலயத்திற்கு நடந்து சென்றிருப்பர். அக்குதிரையின் புண்ணியமே இன்றைய சைக்கிள்காரனின் உரிமை. இங்கிலாந்தின் பொதுவழிகளில் ஐந்திலொரு பங்கிற்குச் சற்று மிகுதியானவையே சைக்கிளுக்குத் திறந்துள்ளன. அண்டை நாடாகிய ஸ்காட்லாந்திலோ, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிறர்க்கு ஊறு செய்யாது ஒழுகுவோர் பெரும்பாலான நிலங்களிலும் சைக்கிளோடு செல்லலாம். இவ்விரு முறைகளில் ஸ்காட்லாந்தினது தாராளமானது. இங்கிலாந்தினது சரித்திரம் நிறைந்தது. சைக்கிள்காரர் எதனை விரும்புவர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இத்தகைய வழிகளைக் கோத்து அமைத்த நெடும்பாதைகளுள் இன்று பெயர்பெற்றது ‘ஆல்பிரெட் அரசர் வழி’ என்பது. 2020-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சைக்கிள் சங்கமொன்று இதனை வகுத்து வெளியிட்டது. சுமார் 220 மைல் சுற்றுள்ள இப்பாதை வின்செஸ்டர் நகரிற் புறப்பட்டு, ஸால்ஸ்பரி, ஸ்டோன்ஹெஞ்சு, ஏவ்பரி, ரெடிங், பார்னம் முதலிய இடங்களைத் தொட்டு, மீண்டும் வின்செஸ்டரையே அடைகின்றது. ஆல்பிரெட் இவ்வழியே வட்டமிட்டார் என்பதற்குச் சான்று ஏதுமில்லை. பெயர் இக்காலத்தார் இட்டது. ஆயினும் பொருத்தமற்றதென்று தள்ளுதற்கில்லை. அவர் பிறந்த ஊராகச் சொல்லப்படும் வாண்டேஜ் இப்பாதைக்குக் கீழே பள்ளத்தாக்கிலுள்ளது. டேனியரை அவரும் அவர் தமையனாரும் 871-ஆம் ஆண்டில் வென்ற ஆஷ்டவுன் போர், இக்குன்றுகளில் எங்கோ நிகழ்ந்தது. 899-இல் இறந்தபின் அவரை அடக்கஞ்செய்த நகரம் வின்செஸ்டர். அங்கே வாளேந்திய அவரது வெண்கலச் சிலை 1901-இல் நாட்டப்பட்டது.

ஸ்டோன்ஹெஞ்சுக்கும் ஏவ்பரிக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடப்போர் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நலம். ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்கள் ஒவ்வொன்றும் சராசரி இருபது டன்னுக்குக் குறையாதன. அவற்றிற் பெரும்பாலானவை வடக்கே சுமார் 15 மைல் தொலைவிலுள்ள மார்ல்பரோ நகரின் பக்கத்து வெஸ்ட் உட்ஸ் என்னும் காட்டிலிருந்து கொணரப்பட்டவை என்று 2020-ஆம் ஆண்டிற் கல்லின் இரசாயனக் கூற்றை ஆராய்ந்து கண்டனர். ஆகவே வடக்கு நோக்கிச் சைக்கிள் மிதிப்போன், நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குமுன் அக்கற்கள் வந்த திசைக்கு எதிர்த்திசையிற் செல்கின்றான். சக்கரத்தின் உதவியின்றி அவற்றை எவ்வாறு இழுத்தனர் என்று வியக்காமல் அவ்வேற்றங்களிற் சைக்கிளைத் தள்ளிச் செல்லுதல் அரிது.

ஏவ்பரியருகே ஓவர்ட்டன் குன்றில் முகட்டுவழி தொடங்குகின்றது. இதனை ஆங்கிலத்தில் ‘ரிட்ஜ்வே’ என்பர். இங்கிருந்து ஐவிங்கோ பீக்கன் என்னும் மலைமுனை வரையில் 87 மைல் நீளமுள்ள இவ்வழி, 1973-இல் தேசிய நெடும்பாதையாகத் திறக்கப்பட்டது. தேம்ஸ் நதிக்கு மேற்கேயுள்ள சுமார் 43 மைலும் குதிரைவழியும் வண்டிவழியுமாதலின் சைக்கிளுக்கு உரியது. நதிக்குக் கிழக்கே பெரும்பகுதி நடைவழியாதலின் சைக்கிள்காரர் அங்கே விலகிச் செல்லவேண்டும். யாம் மேற்பகுதியைப்பற்றியே கூறுவோம்.

இந்நிலம் சீமைச்சுண்ணாம்புக் குன்றுகளாலாயது. இக்குன்றுகளை ‘டவுன்ஸ்’ என்பர். ‘டவுன்’ என்றால் கீழ் என்றன்றோ நாம் பயின்றோம், குன்றுக்கு இப்பெயர் வந்தவாறு என்னை என மாணவர் மயங்கலாம். இது ‘டூன்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்லின் திரிபு. அதற்குக் குன்று என்பதே பொருள். சீமைச்சுண்ணாம்பு நீரை உட்கொண்டு கீழே விட்டுவிடும். அதனால் பள்ளத்தாக்கிற் களிமண்ணும் சதுப்பும் காடும் மண்டிக்கிடந்த காலத்தும் முகடு காய்ந்து கிடந்தது. பயணிகள் உயரத்தை நாடியது காட்சிக்காகவன்று, கால் நனையாமைக்காகவே. பிற்காலத்தில் மேற்றிசையிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் மாடுகளையும் ஆடுகளையும் சந்தைக்கு ஓட்டிவந்தோரும் இவ்வழியையே கொண்டனர். கீழேயுள்ள சாலைகளிற் சுங்கம் கொடுக்கவேண்டும். முகட்டிலோ புல்லும் இலவசம், வழியும் இலவசம். வழியருகேயுள்ள ஈஸ்ட் இல்ஸ்லி என்னும் சிற்றூரில் 1934 வரையில் ஆட்டுச்சந்தை நடைபெற்றது. பொதுநிலங்களை வேலியடைக்கும் சட்டங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் மிகுந்தபோது இருபுறமும் கரை எழுப்பப்பட்டமையால், அதுகாறும் பரந்து கிடந்த தடம் ஒரே கோட்டில் அடங்கியது.

‘பிரிட்டனின் மிகப் பழைய சாலை, ஐயாயிரம் ஆண்டு வயதுடையது’ என்று வழிகாட்டி நூல்கள் இதனைப் புகழும். ஓவர்ட்டன் குன்றின் பக்கத்தில் ஆராய்ந்தோரோ, ரோமர் காலத்து வயல்வரம்புகள் பாதைக்கு அடியிற் செல்வதைக் கண்டு, இப்பொழுதுள்ள கோடு அவ்வளவு பழைமையானதன்று என்பர். எமக்குத் தோன்றுவது இது: முகட்டின்மேற் செல்லும் பழக்கம் மிகத் தொன்மையானதாகலாம், இன்று டயர் பதியும் இக்குறிப்பிட்ட தடம் அத்துணைத் தொன்மையுடையதாகவேண்டுவதில்லை. ஆறு அதுவே, நீர் வேறு என்பதுபோலக் கொள்க.

இவ்வழியிற் காண்பனவற்றுள் பார்பரி, லிடிங்டன் முதலிய இரும்புக்காலத்து மண்கோட்டைகள் பல உள. யாம் இரண்டனைமட்டும் விரித்துரைப்போம். ஒன்று வேலண்டு கொல்லனின் உலைக்களம் எனப் பெயரிய கற்கல்லறை. பீச்சு மரங்கள் சூழ, வழியினின்றும் சிலகாலடி தூரத்தில், நெட்டைக் கற்கள் காவல் நிற்பதுபோலத் தோன்றும் இது, கி.மு. முப்பத்தாறாம் நூற்றாண்டளவிலே முதலிற் கட்டப்பட்டது. அதன் உண்மையை மறந்த பிற்காலத்தார், இஃதொரு மாயக்கொல்லனின் பட்டறை என்றும், லாடம் இழந்த குதிரையை ஒரு வெள்ளிக்காசோடு இங்கே விட்டுப்போனால் மீண்டுவரும்போது லாடம் அடிக்கப்பட்டிருக்கும் என்றும் கதை கட்டினர். குதிரைக்கு லாடம் அடித்த அக்கொல்லன் பஞ்சரான டயரையும் ஒட்டுவானாயின் எத்துணை நன்று என்று அவ்வழிச் செல்வோர் எண்ணுவர் போலும்! அங்குள்ள சக்கிமுக்கிக் கற்களின் கூர்மை அத்தகையது.

மற்றொன்று, அங்கிருந்து ஒன்றரை மைல் அளவிலுள்ள அபிங்டன் வெண்குதிரை. மலைச்சரிவிற் புல்லை அகழ்ந்து, அகழியிற் சுண்ணாம்பை இடித்து நிரப்பி வரைந்த 360 அடி நீளமுள்ள உருவம் இது. ஆல்பிரெட் தம் வெற்றிக்கு அடையாளமாக வெட்டுவித்தார் என்றே நெடுங்காலம் நம்பினர். 1990-ஆம் ஆண்டுகளில், மண்துகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் முறையால் ஆராய்ந்து, இது கி.மு. 1380-க்கும் 550-க்கும் இடையிற் செய்யப்பட்டது என முடிவுசெய்தனர். வியப்பு அதன் வயதில் மட்டும் இல்லை. சில ஆண்டுகள் கவனியாது விட்டால் புல் படர்ந்து குதிரை மறைந்துவிடும். ஆகவே இக்குதிரை இன்று நிற்கின்றதாயின், ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளாக, மதமும் மொழியும் அரசும் பலமுறை மாறியும், அக்கம்பக்கத்து ஊரார் தலைமுறைதோறும் மலையேறிக் களை பறித்துச் சுண்ணாம்பு இடித்தனர் என்பது தானே விளங்கும். இரண்டாம் உலகயுத்தத்தில் பகைவர் விமானங்களுக்கு அடையாளமாகாதவாறு இதனை மூடிவைத்து, யுத்தம் முடிந்தபின் திறந்தனர்.

இவ்வழியிற் செல்வோர் அறியவேண்டிய சில உண்டு. காய்ந்த சுண்ணாம்புத் தடம் சைக்கிளுக்கு மிக இனியது. மழை நனைத்தாலோ சவர்க்காரம்போல வழுக்கும். முகட்டில் நீர் அரிது. குடிநீர்க் குழாய்கள் சிலவே. நனைந்த மண்ணிற் சக்கரம் உழுத சால், கோடையில் இறுகி, நடப்போர் காலை இடறும். மோட்டார் வண்டிகளால் இத்தீங்கு மிகவே, 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பல பழம்பாதைகளினின்றும் அவற்றை விலக்கியது. சைக்கிள்காரரும் இதிற் குற்றமற்றவரல்லர். மணியடியாமல் பின்னே விரைந்து வந்து குதிரையை மருட்டுவோரும் அவர்களுள் உண்டு. தமக்கு இடந்தந்தது குதிரையே என்பதை அன்னோர் மறந்தனர் போலும்.

தெற்கைவிட்டு வடக்கே, மான்செஸ்டருக்கும் ஷெப்பீல்டுக்கும் இடைப்பட்ட ‘பீக்’ மலைநாட்டிற்குச் சென்றால் நிலமும் மாறும். வழிகளின் வரலாறும் மாறும். வெண்சுண்ணாம்பு போய்க் கரடான மணற்கல்லும் கரிய சதுப்பும் தோன்றும். இங்குள்ள பாதைகள் பெரும்பாலும் பொதிக்குதிரைகளின் பாதைகள். செஷயரிலிருந்து உப்பும், பிறவிடங்களிலிருந்து கம்பளியும் ஈயமும் ஏற்றிய குதிரைகள், முதற்குதிரையின் கழுத்துமணி ஒலிக்க, ஒன்றன்பின் ஒன்றாக மலை கடந்தன. அவற்றை நடத்தினோர் ‘ஜாக்கர்’ எனப்பட்டனர். ஈடேல் ஊருக்குக் கிழக்கே ‘ஜாக்கர்ஸ் கிளஃப்’ என்னும் மலைப்பிளவு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதனைக் கடந்து ஏறும் குதிரைவழி, ரோமர் இட்ட சாலையை ஹோப் கிராஸ் என்னும் இடத்திற் சந்திக்கின்றது. அங்கே ஏழடி உயரமுள்ள கற்றூண் ஒன்றுண்டு. 1737 என்னும் ஆண்டும், நான்கு பக்கத்தும் நான்கு ஊர்ப்பெயரும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. வழி கூடுமிடங்களில் இத்தகைய தூண்களை நிறுத்துவிக்கும் அதிகாரத்தை நீதிபதிகளுக்கு 1697-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்திருந்தது. பனி மூடிய நாளிற் பொதிக்காரனுக்கு வழிசொன்ன அக்கல்லே இன்று சைக்கிள்காரனுக்கும் சொல்கின்றது.

ஈடேலுக்கு மேற்கே ‘ஜேக்கப்பின் ஏணி’ என்னும் செங்குத்தான இறக்கம் உண்டு. மலைச்சைக்கிள்காரர் பெரிதும் பேசுவது இதனையே. விவிலியத்தில் யாக்கோபு கனவிற் கண்ட ஏணி என்று எண்ணவேண்டா. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே பயிர்செய்த ஜேக்கப் மார்ஷல் என்பவர் மலையில் வெட்டிய படிகள் இவை. குதிரைகள் வளைந்த வழியே மெல்ல இறங்க, ஜாக்கர்கள் இப்படிகளால் விரைந்திறங்கி இளைப்பாறுவர் என்பர். இன்றும் படிகள் நடப்போருக்கும், வளைந்த வழி குதிரைக்கும் சைக்கிளுக்குமாக உள்ளன.

இவ்வீடேலுக்கு மேலேயுள்ள கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலம், காட்டுக்கோழி வேட்டைக்கெனப் பிரபுக்களால் அடைக்கப்பட்டிருந்தது. 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொழிலாளர் பல நூற்றுவர் தடையை மீறி அதில் ஏறினர். தலைவராய் நின்ற பென்னி ராத்மன் என்னும் இளைஞர், புகைவண்டி நிலையத்திற் காவலர் காத்திருப்பர் என்று கருதி, சைக்கிளிலேயே வந்து சேர்ந்தார். ஐவர் சிறை புகுந்தனர். அக்கிளர்ச்சியின் வேகம் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் பிறத்தற்கு ஒரு காரணம் என்பர். 1951-இல் இம்மலைநாடே அத்தேசத்தின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. எனினும் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அம்மேட்டுநிலங்களில் உலவும் உரிமையை நடப்போருக்கே வழங்கிற்று. சைக்கிளுக்கு இன்றும் குதிரைவழியே கதி.

அண்மையிலுள்ள மாம் டோர் குன்றின் அடிவாரத்தில், பொறியியலார் 1819-இல் இட்ட சாலை மலை சரிந்து சரிந்து உடைந்து, 1979-இல் அடியோடு மூடப்பட்டது. பிளந்து தொங்கும் அதன் தார்ப்பலகைகளுக்கிடையே இப்பொழுது நடப்போரும் சைக்கிள்காரருமே செல்கின்றனர். டெர்வெண்ட் ஊரிலிருந்த பொதிக்குதிரைப் பாலத்தின் கதையோ வேறு. லேடிபவர் நீர்த்தேக்கம் அவ்வூரை மூழ்குவிக்குமுன் பாலத்தைக் கல் கல்லாகப் பிரித்தெடுத்து வைத்திருந்து, 1959-இல் பள்ளத்தாக்கின் மேற்கோடியில் மீண்டும் கட்டினர். தேக்கங்களைச் சுற்றிவரும் சைக்கிள்காரர் அதன்மீதே ஆற்றைக் கடக்கின்றனர்.

கல்லாலாய பாலத்தைப் பிரித்து வைத்துக் கட்டலாம். ஏட்டில் ஏறாத வழியை அவ்வாறு காத்தல் அரிது. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிப் படம் வரைந்தபோது பல வழிகள் விடுபட்டன; பல குதிரைவழிகள் நடைவழியெனத் தாழ்த்திக் குறிக்கப்பட்டன. 2000-ஆம் ஆண்டுச் சட்டமோ, 1949-க்கு முற்பட்ட வழிகள் 2026-ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்குள் பதிவாகாவிடின் அவற்றின் உரிமை அழியும் என்றது. நடப்போர் சங்கத்தின் ஆதரவில் ஆயிரக்கணக்கானோர் பழம்படங்களையும் இக்காலப் படங்களையும் ஒப்பிட்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைல் அளவுள்ள வழிகள் விடுபட்டிருக்கக்கூடும் என 2020-ஆம் ஆண்டிற் கணக்கிட்டனர். கெடு 2023-இல் 2031-ஆம் ஆண்டுவரை நீட்டப்பட்டது. 2024 டிசம்பரில் அதனை அறவே நீக்கக் கருதுவதாக அரசாங்கம் அறிவித்தது. அவ்வறிவிப்பை மட்டும் நம்பித் தேடுவோர் ஓய்ந்திருத்தல் தக்கதன்று என்பது எம் கருத்து. ஆட்சி மாறினால் கெடுவும் மாறுவதை அவர்கள் ஒருமுறை கண்டுள்ளனர்.

ஆதலின் அந்நாட்டுச் சைக்கிள்காரருட் சிலர், மழைநாட்களில் மாவட்டப் பத்திரசாலைகளிற் புகுந்து, வேலியடைப்புத் தீர்ப்பேடுகளையும், தசமபாக வரிக்கென 1836-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரைந்த படங்களையும் புரட்டுகின்றனர். 1910-ஆம் ஆண்டு நிலவரிக்கென எழுந்த படங்கள் அவர்களுக்கு மிகவும் உதவுவன. வரிக்குரிய நிலமெல்லாம் அவற்றில் வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். இரு வண்ணங்களுக்கிடையே தீட்டாது விட்ட வெள்ளைக்கோடு ஒன்று ஓடினால், அது ஒருவருக்கும் உரியதன்று, பொதுவழி என்பதற்கு அஃதொரு குறி. அக்கோட்டின் பிரதியோடு மாவட்ட ஆட்சிக்கழகத்துக்கு மனு எழுதப்படுகின்றது. அதன்மேல் முடிவு வரப் பல ஆண்டுகள் செல்வதுமுண்டு.